வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள்

என் அத்தா சீனி சிக்கந்தர் போன மாதம் இளையான்குடியில் இறந்தார். தோஹாவில் ஒரு சலவைக் கடையில் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் துணி தேய்த்தவர். நான் இப்போது அதே தோஹாவில் பெரிய கட்டடங்களுக்கு ஏசி வடிவமைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் என் இரண்டு பிள்ளைகளையும் மாலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வெயில் காலத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? வாசலில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அத்தா காலத்தில் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மாலுக்குள் குடும்பங்களுக்கு மட்டும்தான் அனுமதி. தனி ஆண்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தனி ஆண்களுக்கு விடுமுறை அந்த ஒரு நாள்தான்.

அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கையில் ஒரு குழந்தையைப் பிடித்திருந்தால் உள்ளே விடுவார்கள். கடைக்கு மேல் மாடியில் இருந்த நர்ஸ் லில்லிக்குட்டி அக்காவுக்கு வெள்ளிக்கிழமைகளில் டூட்டி. புருஷன் டேங்கர் லாரி ஓட்டுபவர். பிள்ளைகளை யாராவது வெளியே கூட்டிப் போனால் சரி என்று அக்கா அத்தாவிடம் அனுப்பிவைப்பார். அவர்கள் இல்லாத வாரம் வேறு வீட்டுப் பிள்ளைகள். வாசலில் கேட்டால் அப்பா என்னும் பொருளில் 'பாபா' என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். சலவைக் கடை ஆட்கள் இதற்கு வைத்த பெயர் 'வெள்ளிக்கிழமைப் புள்ளைங்க'.

உள்ளே போய் அத்தா எதுவும் வாங்கமாட்டார். எங்களுக்காகப் பார்த்து வைப்பார். எந்த மாடியில் குழந்தைகள் ரயில் ஓடுகிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நீரூற்று தெரியும், எல்லாம். போனில் இதைத்தான் சொல்வார். "நீங்க வாங்க, அந்த ரயில்ல ஏத்தி விடுறேன்."

ஒரே ஒரு முறை அம்மாவோடு தோஹாவுக்குப் போனோம். ஒரு மாத விசா. லில்லிக்குட்டி அக்கா குடும்பம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்ததால் அவர்கள் வீட்டில் தங்கினோம். எனக்கு எட்டு வயது. என்னை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் தம்பி முனவ்வருக்கு நாலு. அவன் வயிற்றில் இருக்கும்போது அத்தா விமானம் ஏறியவர். மகனை நேரில் பார்த்தது தோஹா விமான நிலையத்தில்தான். இரண்டு நாளாகியும் அவன் அவர் மடிக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு வாந்தி, படுத்துவிட்டாள். அத்தா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கடைக்குப் புதிதாக வந்த தொண்டி ஊர்க்காரர் ஜலால் மாமாவும் ஒட்டிக்கொண்டார். கடை ஆட்கள் வெளியே போகும்போது தேய்த்து வைத்த வாடிக்கையாளர் சட்டையைத்தான் போடுவார்கள். ஜலால் மாமா ஏதோ ஒரு மேனேஜருடையதைப் போட்டிருந்தார். அத்தா அன்று தன் சொந்தச் சட்டை.

"ரெண்டு புள்ளை, ரெண்டு ஆளு. ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்குவமாண்ணே?" என்றார் ஜலால் மாமா பஸ்ஸில்.

"வாய ஒடச்சிருவேன். இன்னிக்கு இரவல் புள்ளை இல்லடா. எம்புள்ளைங்க."

ஜலால் மாமா தம்பிக்கு முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவன் அவர் விரலைப் பிடித்திருந்தான். அத்தா அவனை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

வாசலில் காவலாளி நேபாளி. அத்தாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"இன்னிக்கு யாரு புள்ளைங்க?"

"என் புள்ளைங்கப்பா."

"போன மாசம் வந்ததும் உன் புள்ளைங்கதான். அதுக்கு முன்னாடி ஒரு குண்டுப் பையன், அவனும் உன் புள்ளை. எத்தனை பொண்டாட்டிய்யா உனக்கு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாபா" என்று சத்தமாகச் சொன்னேன்.

"எல்லாப் புள்ளையும் இதேதான் சொல்லுது. சொல்லிக் குடுத்துல்ல கூட்டிட்டு வர்றீங்க." அவன் குனிந்து தம்பியைக் கேட்டான். "நீ சொல்லு. இது யாரு? பாபாவா?"

தம்பி அத்தாவை நிமிர்ந்து பார்த்தான். கையை உருவிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போனான்.

அத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "முனவ்வர், அத்தாடா. ஒரு தடவ சொல்லுடா தங்கம். அத்தான்னு சொல்லு."

"அம்மாட்டப் போகணும்" என்று அழ ஆரம்பித்தான்.

"பாஸ்போர்ட் எடுத்துட்டு அடுத்த வாரம் வா அண்ணே" என்றான் காவலாளி. இப்போது அவன் சிரிக்கவில்லை. "எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

தூரத்தில் நின்றிருந்த ஜலால் மாமா வந்தார். "வாங்கண்ணே, திரும்பிருவோம்."

அத்தா எழுந்து நின்றார். பிறகு, "அந்தப் பக்கத்து வாசல்ல வேற ஆளு இருப்பான். நீ கூட்டிட்டுப் போ" என்றார்.

"நானா? வேணாம்ணே."

"ரயிலு ரயிலுன்னு போன்ல சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். போடா." என்னைப் பார்த்தார். "கேட்டா இவருதான் பாபான்னு சொல்லணும். சரியாம்மா?"

"நீங்க அத்தா?"

"நாந்தான் எல்லாம் பாத்திருக்கேனே."

அந்த வாசலில் யாரும் கேட்கவில்லை. தம்பி ஜலால் மாமாவின் தோளில் உட்கார்ந்திருந்தான். ரயிலில் இரண்டு சுற்று வந்தான். கைதட்டிச் சிரித்தான். ஜலால் மாமா ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

வெளியே வந்தபோது அத்தா கார் நிறுத்துமிடத்துச் சுவரோரம் நின்றிருந்தார். நிழல் இருந்தது அங்கே மட்டும்தான். தலைக்கு மேல் மாலின் ஏசி காற்றைத் தள்ளும் காற்றுப்போக்கி. குளிர்ச்சியை யாரும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறோம், அவ்வளவுதான். அது கொட்டும் இடத்தில் அவர் நின்றிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"ரயிலு நல்லா இருந்துச்சா?" என்று தம்பியைக் கேட்டார். அவன் ஜலால் மாமாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான்.

வீட்டில் அம்மாவிடம், "போனோம். ரெண்டு சுத்து வந்தான்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தயாராகி, பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துவைத்தாள். "அதான் பாத்தாச்சே, என்ன பெரிய மாலு" என்று சொல்லி அத்தா கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அதன் பிறகு லில்லிக்குட்டி அக்கா பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாலும் கால் வலி என்று சொல்லிவிடுவாராம். ஜலால் மாமா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த மாலை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முனவ்வர் பேசிக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்குத் தாடி இருக்கிறது.

"தோஹாவுல ஒரு மாலு. எங்கத்தா என்னத் தோள்ல தூக்கிட்டே சுத்துனாரு. ரயில்ல வச்சு, நான் விழுந்துரக் கூடாதுன்னு கூடவே ஓடி வந்தாரு. வேற என்ன மறந்தாலும் அது மட்டும் மறக்காது."

யாரோ அவன் முதுகைத் தடவினார்கள். அவன் வாசல்படியில் நின்ற என்னைப் பார்த்தான்.

"நீயும் இருந்தியே லாத்தா. சொல்லு."

"ஆமா" என்றேன். "ரெண்டு சுத்து."