பூச்சித் தொட்டியில் கண்ணாடிப் புழு

அன்று சிமெண்டுத் தொட்டியருகில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் தங்கை, அவள் கையில் பச்சைப்பிள்ளை, எனக்கு மீன்குஞ்சுகளைக் கடனுக்குக் கொடுத்த சீனக் கடைமுதலாளி தவுக்கே. இடம், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வீட்டின் பின்புறம். யுத்தத்தில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். மரவள்ளிக்கிழங்கையே தின்று தங்கைக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மீன் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். பாசாரில் விற்கிற மீன் விலையை நெருங்க முடியாது. வளர்த்தாவது கொடுப்பது என்று இறங்கிவிட்டேன்.

குஞ்சுகள் பெரிய பானையில் இருந்தன. அவற்றுக்குத் தீனி, சிவப்புப் பொடி போலத் துள்ளும் தண்ணீர்ப்பூச்சி. மாட்டுக்கொட்டகைக் குட்டையிலிருந்து வாளியில் மொண்டு வந்து, சாணித் தண்ணீர் விட்ட தொட்டியில் பெருக்கினேன். பெருகவில்லை. குறையக் குறைய, பயத்தில் இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன். அப்போதும் குறைந்தது.

தவுக்கே பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சாப்பாடு தாடா, சாப்பாடு இல்லே லா, தங்காச்சி. எல்லாம் செத்துப் போகும். குஞ்சு திருப்பிக் குடு, கடன் வேணாம்."

"குடுத்துரு அக்கா," என்றாள் தங்கை. "இதுங்க செத்துச்சா இருக்கான்னு பாத்துப் பாத்து நீதான் முதல்ல போய்ச் சேருவே."

பானை வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன். "தர மாட்டேன்," என்றேன்.

கண்ணாடித் தம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தேன். பூச்சிகளுக்கு நடுவே கண்ணாடி போல ஒரு புழு, அசையாமல் படுத்திருந்தது. கறுப்புப் புள்ளிகள் இல்லாவிட்டால் கண்ணில் பட்டிருக்காது. ஒரு பூச்சி அருகே துள்ளியது. வெடுக்கென்று ஒரு பிடி. பூச்சி புழுவின் தொண்டைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு வாளியிலும் தின்கிறவனையும் நானே அழைத்து வந்திருக்கிறேன்!

வேட்டித் துணியில் வடித்தால் இரண்டும் தங்கிவிடும். பூச்சி இறங்கவேண்டும், புழு நிற்கவேண்டும். உள்ளே போய் என் கொசுவலையை எடுத்து வந்தேன்.

"ஐயோ, காய்ச்சல் வந்தா கொய்னா மாத்திரைக்கு எங்க போறது?" என்றாள் தங்கை.

"பிள்ளையோட வலையை நான் தொடலையே. இது என்னுது."

கொசு என்றால் போர்வைக்குள்ளும் நடுங்குகிறவள் நான். ஆனாலும் வலையை வெட்டினேன். தொட்டி முழுவதையும் வலைவழியே பீப்பாயில் இறைத்து, வடிந்த பூச்சித் தண்ணீரைத் தொட்டியிலேயே திரும்ப ஊற்றினேன். வலையில் நெளிந்த புழுக்களைப் பக்கத்து வீட்டு வாத்துக்குப் போட்டேன். அன்றுமுதல் வடிகட்டாமல் ஒரு வாளியும் ஊற்றவில்லை.

பூச்சி பெருகித் தொட்டி சிவந்தது. எஞ்சிய குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்ததும் குழம்பு வைத்தேன். தங்கை சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். பிள்ளை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது.

தவுக்கேவுக்குப் பாதிக் கடனை மீனாகவே அடைத்தேன். மீதியோடு போனபோது, ஜப்பான்காரன் தோற்று, அவன் அடித்த வாழைமர நோட்டு செல்லாக் காசாகியிருந்தது. அவரும் ஊரில் இல்லை. இன்னும் அவருக்குத் தரவேண்டியது, எங்கள் ஊர்க் காசில் நான்கு வெள்ளி.