செல்வராணியின் இரண்டு கன்றுகள்

மாலை நான்கு மணிக்கு ஹாலிஎல ரயில் நிலையத்தில் இறங்கினேன். கண்டியிலிருந்து ஏழு மணிநேரப் பயணம். ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. தேயிலைத் தோட்டம் ஏழு கிலோமீட்டர் மேலே. ஆட்டோக்காரர் நிஸாம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார்.

"பெட்டியில என்னங்க, மருந்தா?"

"நல்ல பக்டீரியா. பாலைத் தயிராக்குற இனம். கன்னுகளுக்கு."

"இங்க ஊசிக்கே கேக்காத கழிச்சல், தயிருக்குக் கேக்குமா?" என்று சிரித்தார்.

நாலே முக்காலுக்கு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தை அடைந்தோம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து என்னை வரவழைத்த செல்வராணி வாசலில் நின்றார். கொழுந்து பறிப்பவர், லயத்துக்குப் பின்னால் இரண்டு பசுக்கள் வைத்திருக்கிறார். போன வருடம் பிறந்த இரண்டு கன்றுகளும் கழிச்சலில் செத்துவிட்டன. மூன்றாவது, எட்டு நாள் கன்று, சாக்கின்மேல் கிடந்தது. கண்கள் குழிந்திருந்தன.

"மூணு ஊசி போட்டாச்சுங்க. முந்தியெல்லாம் ஒரே ஊசியில எந்திரிச்சிரும்."

முந்தியெல்லாம் இருமினாலும் அதே ஊசி, பால் குறைந்தாலும் அதே ஊசி. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது.

இன்னொரு பசு அன்று காலைதான் ஈன்றிருந்தது. நான் ஐஸ் பெட்டியிலிருந்து போத்தலை எடுத்து அந்தக் கன்றிடம் போனேன். செல்வராணி என் கையைப் பிடித்தார்.

"சீக்கு இதுக்குத்தானே?"

விளக்கினேன். இது நோயைக் கொல்லாது. கெட்ட கிருமி குடியேறுமுன் குடலில் இடம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். படுத்துவிட்ட கன்றுக்கு உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர்தான் கொடுக்கலாம். போத்தலில் ஒரு கன்றுக்கு ஏழு நாளைக்கு மட்டுமே இருந்தது.

"அப்ப இத சாகவிடச் சொல்றீங்களா?"

செல்வராணி சாக்கில் கிடந்த கன்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புதுக் கன்றின் வாயை அவரே திறந்து பிடித்தார். சீம்பாலில் கலந்து ஊற்றினேன். மிச்ச ஆறு நாளும் இதேபோல் கொடுக்கச் சொல்லிப் போத்தலைப் பெட்டியோடு அவரிடமே விட்டேன். மற்றதற்கு இருட்டும்வரை கரண்டி கரண்டியாகத் தண்ணீர் புகட்டினார்.

பக்கத்து வீட்டில் தங்கினேன். காலை ஆறு மணிக்குப் போனபோது எட்டு நாள் கன்று விறைத்திருந்தது. செல்வராணி அதன்மேல் சாக்கை இழுத்துவிட்டுக் கூடையை எடுத்தார்.

"பெரட்டுக்கு நேரமாச்சுங்க, பேர் கூப்பிட்டுருவாங்க. மம்பட்டி அந்த மூலையில இருக்கு."

நானும் அவர் கணவரும் குழி வெட்டினோம். அந்த மண்ணில் முன்பு புதைத்த இரண்டும் எங்கே என்று கணவர் காட்டினார், தள்ளி வெட்டினோம். பத்து மணிக்கு நிஸாம் வந்தார். என் கையிலிருந்த மண்ணைப் பார்த்துவிட்டு, கழுவிக்கொள்ளத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

மூன்று வாரம் கழித்துச் செல்வராணி போனில் பேசினார். புதுக் கன்று துள்ளுகிறதாம். கண்டியில், ஆய்வுக்கூட மேசைமுன் இருந்தபடியே நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"மேல் லயத்துல நாலு மாடு ஈனப்போகுதுங்க. அங்க கழிச்சல் வந்திருச்சு. எப்ப வர்றீங்க?"

எழுந்துபோய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு போத்தல் இருந்தது.