என்னைக் கேட்காமல் பார்த்த வைத்தியம்

இப்போது மனக்கவலையைக் கேட்பதற்கென்றே படித்த ஆட்கள் இருக்கிறார்கள். ஐம்பதுகளில் சாய்ந்தமருதில் எங்களுக்கு அது குர்ஆன் ஓதிப் பார்க்கும் லெப்பைதான். மூன்று வெள்ளிக்கிழமை அவரிடம் போனேன். மூன்றாம் முறை சண்டை பிடித்தேன். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

என் முதல் பிள்ளை, மகன், மருத்துவிச்சி வருமுன்பே வீட்டில் பிறந்துவிட்டான். அவள் வந்தபோது உயிரில்லை. செத்தே பிறந்தது என்றாள். பக்கத்திலிருந்த உம்மாவும் ஒரு சத்தமும் வரவில்லை என்றா. ஆனால் அவன் அழுததை நான் கேட்டேன்! அழுத பிள்ளை என்றால் பெயர் வைத்து, ஜனாஸாத் தொழுகை தொழுது அடக்க வேண்டும். என் மகனைப் பெயருமில்லாமல் தொழுகையுமில்லாமல் துணியில் சுற்றி மையவாடி ஓரத்தில் புதைத்துவிட்டார்கள். "அழுதான்" என்று நான் சொன்னபோதெல்லாம் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பைத்தியம் என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் உம்மா என்னை லெப்பையிடம் கூட்டிப் போனா. பெண்களுக்கு அங்கே திரை கட்டியிருக்கும். அவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கேள்வியெல்லாம் உம்மாவுக்கு.

"புள்ள ஒழுங்காச் சாப்பிடுதா?"

"இல்ல லெப்பை. ஒரே யோசின."

"பயந்திருக்கா?"

"ஓம், என்னத்தையோ கண்டு பயந்திட்டாள்."

நான் ஒன்றையும் கண்டு பயப்படவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தால் உம்மா தொடையில் கிள்ளுவா. அவர் தண்ணீர் ஓதித் தந்தார், நூல் கட்டத் தந்தார், "சபூர் செய்யச் சொல்லுங்க" என்றார். எதற்குப் பொறுமையாக இருப்பது? அதைக் கேட்டாரா மனுசன்? அடுத்த வெள்ளியும் அதே கதை. தண்ணீர் குடித்து வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் வெள்ளி, "இப்ப எப்படி?" என்று அவர் கேட்டதும், "அல்ஹம்துலில்லாஹ், கொஞ்சம் சுகம்" என்றா உம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுகமில்ல! என்னக் கேளுங்க லெப்பை. நோவு எனக்கு, உம்மாட்டக் கேட்டா என்ன விளங்கும்? எனக்குப் பேயுமில்ல, ஷைத்தானுமில்ல. என்ட புள்ள அழுதிச்சி. அதுக்குப் பேர் வேணும், தொழுக வேணும். அதுவரைக்கும் இந்தத் தண்ணிய நான் குடிக்க மாட்டன்."

"வாயப் பொத்து புள்ள!" என்று உம்மா என் கையைப் பிடித்து இழுத்தா. நான் அசையவில்லை.

லெப்பை உம்மாவைக் கேட்டார்: "நீங்க பக்கத்தில இருந்தீங்கதானே? அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்க. அழுதிச்சா, இல்லையா?"

உம்மா என் கையை விட்டா.

"ரெண்டு தரம் அழுதிச்சி லெப்பை. உசிரோட பொறந்து மௌத்தானதெண்டா இவள் தாங்க மாட்டாளெண்டு நான்தான் மறைச்சன்."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதா. எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு மாதம் என்னைப் பைத்தியமாக்கி வைத்திருந்தது என் உம்மாவா!

"கபுறடியில தொழுவிக்கலாம். மையவாடிக்கு நானே வாறன்" என்றார் லெப்பை. பிறகு முதன்முதலாக என்னிடம் கேட்டார்: "மகள், என்ன பேர் வெக்கப் போறாய்?"

இரண்டு மாதமாக என் வாயிலேயே இருந்த பெயர். ஓதிப் பார்க்க முற்றத்தில் காத்திருந்த சனத்துக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.