அண்ணனின் மலிவு டிரில்

இன்று அண்ணன், பசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய மின்சார டிரில்லோடு, ரேடியோ வைக்கச் சுவரில் தட்டு அடிக்கக் கிளம்பினார்.

“கைத்துளைப்பானே போதும்னாரு அப்பா. வேலை விட்டு வந்து பார்த்து வாயடைச்சுப் போகணும்டா!”

எங்கள் தோட்ட லயத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். டிரில் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும், மோட்டார் புகைந்து நின்றது. முனை சுவரிலேயே சிக்கிக்கொண்டது.

நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் சுவரைத் தட்டிக் கெஞ்சினார்: “முனியம்மாக்கா, அப்பா வர்ற நேரம். அந்தப் பக்கமிருந்து தட்டி விடுங்களேன்!”

“முடியாதுலா தம்பி. இப்பதான் அதுல முறத்த மாட்டினேன். குடைக்கும் ஒன்னு போட்டுக் குடேன்!”

மலிவு டிரில் வீண்செலவா, நீங்களே சொல்லுங்கள். முறம் மாட்டச் சொன்னது யாரென்று மட்டும் அண்ணனிடம் சொல்லாதீர்கள்.