ஒன்றுமே சொல்லாதவர்

பேரின்பநாதனை மொன்ட்ரியால் தமிழர் எல்லோரும் நம்பினார்கள். காரணம், அவர் யாரைப் பற்றியும் எதுவும் கதைக்கமாட்டார். கலியாணப் பேச்சென்றால் ரொறொன்ரோவின் மாப்பிள்ளை வீட்டார் அவரைத்தான் அழைத்து விசாரிப்பார்கள். "நல்ல சனம்" என்று அவர் சொன்னால் மண்டபம் பதிவாகிவிடும்.

சென்ற பங்குனியில் சாருஜா என்ற பெண்ணைப் பற்றி விசாரித்து ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் பேருந்தில் நின்றார், இறங்குமிடம் நெருங்கியிருந்தது. "அந்தப் பிள்ளையைப் பற்றி நான் இப்ப ஒண்டும் கதைக்க விரும்பேல்லை" என்றுவிட்டு இறங்கினார். இறங்கியதோடு மறந்தும்போனார்.

ரொறொன்ரோ மறக்கவில்லை. சம்பந்தம் குழம்பியது.

செய்தி கேட்டுப் பதறிய பேரின்பநாதன் ரொறொன்ரோவுக்கு அழைத்தார். "தங்கச்சி, அது தங்கமான பிள்ளை."

"விளங்குது அண்ணை," என்றார் மாப்பிள்ளையின் தாய் சிவாஜினி. "உங்களைப் போல நல்ல மனுசர் வேறை என்னத்தைச் சொல்லுவினம்."

இன்னும் இரண்டு முறை அழைத்தார். மூன்றாவது முறையோடு, பெண்ணில் ஏதோ குறை என்பதில் சிவாஜினிக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

பேரின்பநாதனுக்கு வேலை ஒரு யூதச் சமையற்கூடத்தில். உணவு மதவிதிப்படி ஆகிறதா என்று பார்க்கும் மெண்டல் காலையில் தன் கையால் அடுப்பை மூட்டுவார்; பிறகுதான் இவர் சட்டி வைக்கலாம். கதையைக் கேட்ட மெண்டல் அடுப்பை மறந்து நின்றார்.

"அவதூறுக்கு மட்டுமில்லை, அதன் தூசிக்கும் எங்கள் மதகுருமாரான ரபிமார் பெயர் வைத்திருக்கிறார்கள். 'அந்த ஆளைப் பற்றி நான் பேச விரும்பவில்லை' என்பதுதான் அவர்கள் தரும் உதாரணமே."

அன்றிலிருந்து பேரின்பநாதன் குளிர் அறைக்குள் இறைச்சி எடுக்கப் போனால், அவருடைய சொந்தக் குரலே முதுகுக்குப் பின்னால் நின்று அந்த வசனத்தைச் சொன்னது. பேருந்துச் சாரதிக்கு 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்லவும் யோசித்தார்.

"மன்னிப்புக் கேட்கலாமா?" என்று மெண்டலிடம் கேட்டார்.

"அவளிடமே கேட்கவேண்டும். ஆனால் சொல்வதால் அவளுக்கு நோகுமென்றால் சொல்லாதே என்ற பெரியவர்களும் எங்களில் உண்டு."

இரண்டாவது வசனம் முடியுமுன்பே பேரின்பநாதன் மேலங்கியை மாட்டிவிட்டார். மன்னிப்புக்கு அத்தனை அவசரம்.

நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் சாருஜாவின் வீடு. அவளையும் தகப்பன் குணரத்தினத்தையும் இருத்திவைத்து, பேருந்து, இறங்குமிடம், எல்லாம் சொன்னார்.

சாருஜா சிரித்துவிட்டாள். "இவ்வளவுதானா அங்கிள்? விடுங்கோ. அவையள் போனால் போகட்டும்."

குணரத்தினம் சிரிக்கவில்லை. "நாதன், நீர் சும்மா வாய் விடுற ஆளில்லை. என்ன தெரிஞ்சு சொன்னனீர்?"

"ஒண்டும் தெரியாது அண்ணை. சத்தியமா."

"இல்லை. உமக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் பேரின்பநாதனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாருஜாவின் சிரிப்பு இறங்க வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது. "அப்பா?" என்றாள்.

பேரின்பநாதன் மறுபடியும் சத்தியம் செய்யத் தொடங்கினார்.