பாங்கோடு நின்ற படம்

காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டோடு கிடந்தேன். கிடந்த கிடையில் மூன்று படம் பார்த்துவிட்டேன். முதலாவதில் கதாநாயகன் நாற்பது பேரை அடிக்கிறான், தலைமயிர்கூடக் கலையவில்லை. இரண்டாவது முழுக்க இருட்டுக்குள் குசுகுசுப்பு. பாதியில் தூங்கிவிட்டேன், நட்டமில்லை. மூன்றாவது பழைய படம். கப்பலில் போன புருஷன் வருவான் என்று துறைமுகத்தில் தேநீர்க்கடை போட்டுக் காத்திருக்கும் பெண்ணைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தேன். இந்தப் படம் எனக்குத் தெரியும். முடிவு மட்டும் தெரியாது. தெரியாத அந்த முடிவை ஒன்பது வயதில் ஒருவருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்போது வாடகைக்கு எடுக்கும் படம் இரண்டு டிஸ்க்காக வரும். மருதமுனையில் எங்கள் பக்கத்து வளவிலிருந்த, சின்னம்மா முறையான சாச்சியும் அவர் புருஷன் சாச்சாவும் முதல் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, மற்றதை நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்தார்கள். மறுநாள் காலையில் நாவிதன்வெளிக்கு வயல் பார்க்கப் போன சாச்சா, மோட்டார் சைக்கிளோடு விழுந்து, அந்த இடத்திலேயே உயிர் போய் மௌத்தாகிப்போனார். சாச்சி இத்தா இருக்கத் தொடங்கினார். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அவர் வீட்டு டிவியைத் துணிபோட்டு மூடினார்கள்.

மூன்றாம் மாதம் என் அண்ணன் காக்கா அதே படத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாச்சிக்குக் கேட்கக்கூடாதென்று சத்தத்தைக் குறைத்துப் பார்த்தோம். கப்பல் கரைக்கு வரும் நேரம் பார்த்து அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொன்னது. பாங்கு கேட்டால் உம்மாவின் கை தானாக டிவியை நிறுத்திவிடும். தொழுது, ஓதி முடித்து வந்து பார்த்தால், காக்கா டிஸ்க்கைக் கடையில் கொடுத்துவிட்டிருந்தார்.

அடுத்த நாள் சாச்சிக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"இஞ்ச வா மகள். அந்தப் படம் பாத்தீங்களாமே. மறுகா என்ன நடந்த? கடைசில அவன் வந்தானா?"

படக்கதை சொல்வதில் நான் வீட்டில் பெரிய கெட்டிக்காரி. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? அழுது வீங்கிய முகத்துக்கு நல்லதாக ஒன்றைச் சொல்லுவோமே என்ற பெருந்தன்மையும் சேர்ந்துகொண்டது.

"ஓம் சாச்சி, வந்தான். பெட்டி நிறைய உடுப்பு, நகையெல்லாம் கொண்டந்தான்."

சாச்சி என்னைப் பார்த்து, "ஆ... அவளுக்கு வந்திட்டான்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோறு அப்படியே இருந்தது. இத்தா முடிந்த பிறகும் அவர் ஒரு படமும் பார்க்கவில்லை. கூப்பிட்டால், "எனக்கு எதுக்குப் படம்" என்பார்.

போன வாரம்தான் மிச்சத்தைப் பார்த்தேன். கப்பல் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கடைக்குள் போய் அடுப்பை மூட்டி, வந்திறங்கியவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். அவ்வளவுதான் படம்.

சாச்சி இருந்திருந்தால் அந்த நிமிடமே போனில் கோல் எடுத்திருப்பேன். போன வருடம் அவரும் மௌத்தாகிவிட்டார். அவரைப் போல ஒருத்தி, படத்திலாவது இருந்தாள். அவளையும் அவரிடமிருந்து நான்தான் பறித்தேன்.

அன்றைக்கு வெறுங்கையோடு ஓடிவந்து உம்மாவிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

"சாச்சிக்கு இப்ப கவலையில்ல உம்மா. படக்கதை சொன்னன், நிம்மதியாப் படுத்திட்டா."