சிவப்புக் குறி விழுந்தவர்கள்

கொழுந்து மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்ததில் அக்காவின் கணவரான மச்சானுக்கு முழங்கால் போய்விட்டது. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் கட்டிலே கதியென்று கிடந்தவர் அக்காவோடு ஓயாமல் சண்டை பிடித்தார். அதைக் குறைக்கத்தான் அவரை என் ஃபேன்டசி ஃபுட்போலுக்குள் இழுத்தேன். மாத்தளையில் என் ஆபீஸ் பசங்க நடத்தும் போட்டி அது. இங்கிலாந்தில் நிஜமாக ஆடுகிறவர்களை வைத்து போனில் ஓர் அணி அமைக்க வேண்டும். அவர்கள் அங்கே ஆடினால் நமக்கு இங்கே புள்ளி. ஆள் காயப்பட்டால் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழும். வாரத்துக்கு ஒருவரைத்தான் புள்ளி குறையாமல் மாற்றலாம். எங்களுக்கோ எப்போதும் மூன்று நான்கு பேர் சிவப்பில் கிடந்தார்கள்.

வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் எது வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் நின்றபடியே காயச் செய்திகளை வாசித்துவிட்டு, களைத்துப்போய் வருவேன். மச்சான் தயாராக இருப்பார்.

“என்ன மாப்ள, தொடையில பிடிச்சவன் எந்திரிச்சிட்டானா?”

“இன்னும் ரெண்டு வாரமாம் மச்சான். பொறுத்துப் பாப்போம்.”

“பொறுக்க இது என்ன ஆஸ்பத்திரியா? பேர வெட்டுங்க!”

வேலைக்கு வராதவரைத் தொர, அதாவது தோட்ட மேனேஜர், பதிவிலிருந்து நீக்குவதை அப்படித்தான் சொல்வார்கள்.

“ஐயோ, தொர பேசுறாரு!” என்பாள் அக்கா அடுப்படியிலிருந்து.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வேலையை மேற்பார்க்கும் கங்காணி வாசலில் வந்து நின்று மச்சானைக் கூப்பிட்டார்.

“திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துருங்க தம்பி. லேசான வேலையாத் தாரேன். வராட்டி பேர வெட்டச் சொல்லிட்டாரு தொர.”

“கால ஊன ஏலாத மனுசன் எப்படிங்க வருவாரு?” என்றாள் அக்கா.

“நான் என்னம்மா செய்ய?” என்று கங்காணி போய்விட்டார். மச்சானின் பேரில்தான் நாங்கள் குடியிருந்த லயத்து அறை, அந்தக் காம்பரா, இருந்தது. பேர் போனால் அதுவும் போகும்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் போனை நீட்டினேன்.

“நம்ம கோல் அடிக்கிறவனுக்கும் சிவப்பு விழுந்திருச்சு மச்சான். யார எடுக்க?”

மச்சான் போனில் அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் இருக்கட்டும் மாப்ள.”

“வெளையாட மாட்டான். சைபர்தான் வரும்.”

“வந்தா வரட்டும்.”

வேறு நாளென்றால் வாதாடியிருப்பேன். அன்று தெம்பில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திங்கள் விடிய, அக்கா அவர் முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டினாள். நான் தோள் கொடுத்துக் கூட்டிப்போனேன். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார்.

“பஸ் போயிரும், நீங்க போங்க.”

“அடுத்த பஸ்ல போறேன், நடங்க.”

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கங்காணி முதலில் அவர் பேரைத்தான் கூப்பிட்டார்.

“இருக்கேங்க” என்றார் மச்சான், என் தோளை விடாமலே.